கையில் இருக்கும் டைனோசர் பல்லில் எத்தனை பங்கு டைனோசர்?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முழுக்கப் போலியான பெட்டகம் அங்கே குறைவு. ஒரு வீட்டு நிலை, இன்னொரு வீட்டுக் கதவு, நடுவே சாயம் ஏற்றிய புதுப் பலகை, எல்லாம் சேர்ந்து ‘நூறு வருஷத்துச் சாமான்’ ஆவதுதான் அதிகம். டைனோசர் பல்லும் அப்படித்தான் விற்கிறது. இணையத்தில் வாங்கிய பல் கைக்கு வந்ததும் ‘இது ஒரிஜினலா?’ என்று கேட்டால், பாதி உண்மையான பல் கூட ‘ஆமாம்’ என்று பதில் சொல்லிவிடும். இதில் எவ்வளவு பங்கு உண்மை, அது எந்த விலங்கு என்று கேட்டால்தான் லென்ஸ் சரியான இடத்துக்குப் போகும்.

முதலில் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பற்களில் பெரும்பாலானவை மொராக்கோ நாட்டுச் சரக்கு. தென்கிழக்கே அல்ஜீரிய எல்லையை ஒட்டிய கெம் கெம் பாறைகளில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையான செம்மணற்கல்லில் இவை கிடைக்கின்றன. எர்ஃபூட் ஊர்ப் பட்டறைகளில் சுத்தம் செய்து, ஒட்டி, அனுப்புகிறார்கள். டைனோசர்களுக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து விழுந்து முளைக்கும் என்பதால் எலும்பைவிடப் பல் எத்தனையோ மடங்கு அதிகம். 2020-இல் கெம் கெம் பகுதியின் ஒரே இடத்தில் ஆய்வாளர்கள் திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களில் ஏறத்தாழப் பாதி ஸ்பைனோசரஸ் என்ற டைனோசருடையவை. ஆகவே மூன்று சென்டிமீட்டர் ஸ்பைனோசரஸ் பல் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அந்த அளவில் போலி செய்வதற்கு ஆகும் கூலிகூடக் கட்டாது. பத்து சென்டிமீட்டருக்கு மேல், வேரோடு, கீறல் இல்லாமல், அதே மலிவு விலைக்கு வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

செலவில்லாத முதல் சோதனை சீட்டில் எழுதியிருக்கும் ஊரையும் பெயரையும் சேர்த்துப் படிப்பது. டைரனோசரஸ் ரெக்ஸ் வாழ்ந்தது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ‘மொராக்கோ டி ரெக்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது அநேகமாகக் கார்கரோடோன்டோசரஸ் என்ற வேறொரு ஊனுண்ணி டைனோசர், இல்லையேல் வெறும் கதை. வெலோசிராப்டர் மங்கோலியா, சீனாப் பக்கத்து விலங்கு. அவ்விரு நாடுகளும் புதைபடிவ ஏற்றுமதியைத் தடுத்திருக்கின்றன. எனவே அந்தப் பெயர் போட்ட பல் ஒன்று தவறான பெயரில் வந்திருக்கும், இல்லாவிட்டால் திருட்டுச் சரக்காக இருக்கும். மோசசார் பல் மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கங்களில் ஏராளமாகக் கிடைப்பது. பல் உண்மையாகவே இருக்கும், ஆனால் மோசசார் கடல் ஊர்வன, டைனோசர் இல்லை. அதைத் தாடையோடு விற்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். உண்மையான பற்களை வரிசையாக நட்டு, எலும்புத் தூளும் மணலும் பசையும் குழைத்துச் செய்த தாடைகள் நிறைய உலவுகின்றன.

‘அண்ணே, இது நம்ம அரியலூர்ல எடுத்தது’ என்பதும் காதில் விழும் பேச்சுதான். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் பழைய கடலடி. அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரி, சிப்பி, கடல் முள்ளெலி, சுறாப்பல் ஆகியவையே அங்கே சாதாரணம். அந்தப் பக்கத்துக் கல்லமேடு என்னும் பாறை அடுக்கில் டைனோசர் எச்சம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே கிடைத்த ட்ரூடோன்டிட் என்னும் சிறிய டைனோசர் வகையின் ஒற்றைப் பல், மிகச் சிறியது, 2013-இல் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கே பொருளானது. ஒற்றைப் பல்லுக்கு அவ்வளவு மதிப்பு என்றால், பிளாஸ்டிக் டப்பா நிறைய ‘அரியலூர் டைனோசர் பல்’ எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று கைப்பேசிகளில் பரவிய உருண்டைகளும் கடைசியில் அம்மோனைட் சார்ந்த படிவ உருண்டைகள் என்றே முடிந்தன. செட்டிநாட்டுச் செம்புறாங்கல் பூமியில் கிணறு வெட்டும்போது பல் கிடைத்தது என்றால், நல்ல தண்ணீர் கிடைத்ததா என்று கேட்டுவிட்டு நகரலாம்.

இனி கருவிகள். பத்து மடங்கு காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்று. பர்மாக் கெம்பு பார்த்த ஊர்களில் இது கிடைக்காமல் போகாது. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, சுத்தமான அசிட்டோன், பஞ்சுக்குச்சி, தையல் ஊசி, கொஞ்சம் வினிகர். சோதிக்கும் வரிசை முக்கியம். லென்ஸ், விளக்கு, எடை மூன்றும் பல்லுக்குச் சேதம் செய்யாதவை. அசிட்டோனும் ஊசியும் தடயம் விட்டுவிடும், அதற்குப் பின் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முதல் மூன்றையும் முடித்துவிட வேண்டும். பொட்டலம் பிரிக்கும்போதே ஸ்கேலை அருகில் வைத்து வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது.

லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது பல்லின் நுனியை அல்ல, அடிப்பக்கத்து உடைவை. பல் என்பது இரண்டு பொருள். வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில் பளபளப்பான எனாமல் தோல், உள்ளே மங்கலான டென்டின், நடுவில் கூம்பாகப் பற்கூழ்க் குழி. புதைந்தபின் அந்தக் குழிக்குள் மணலோ கனிமமோ இறுகியிருக்கும். உடைந்த இடத்தில் இந்த அடுக்குகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வெளியிலிருந்து உள்வரை ஒரே நிறம், ஒரே நயம் என்றால் அது வார்த்தது. ரெசின் வார்ப்பில் ஊசிமுனை அளவுக் காற்றுக் குமிழிகள் இருக்கும், குறிப்பாக நுனியிலும் பல்லின் பின் ஓரத்திலும். அச்சு இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டை அரம் போட்டு எடுத்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு செத்திருக்கும். அதே விற்பனையாளரின் மற்றப் படங்களையும் பார்க்கலாம். ஒரே இடத்தில் ஒரே கீறல் உள்ள இரண்டு பல் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம்.

அடுத்தது கீறல்கள். உண்மையான கீறல் எனாமலைப் பிளந்து டென்டினுக்குள் இறங்கும், உள்ளே மண் அடைந்திருக்கும். தீட்டிய கீறல் மேலோடு நிற்கும். ஒட்டுப் பல்லில் கீறல் ஓடி வந்து, ஒரு வளையக் கோட்டில் சட்டென்று நின்றுவிடும். ஒட்டைப் பிடிக்க இதைவிட நல்ல தடயம் இல்லை. ஸ்பைனோசரஸ் பல்லில் நுனியிலிருந்து அடிவரை மெல்லிய நெடுக்கு வரிகள் ஓடும். அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பாருங்கள். ஒட்டுக் கோட்டுக்கு மேலே பதினைந்து வரி, கீழே பத்து வரி என்று இருந்தால் மேலே ஒரு பல், கீழே இன்னொரு பல். ஒரே பல் உடைந்து திரும்ப ஒட்டப்பட்டிருந்தால் வரிகள் கோட்டைத் தாண்டியும் அப்படியே தொடரும். அது குறையே அல்ல. பாறைக்குள் உடையாமல் வருவதுதான் அபூர்வம். ‘ரிப்பேர்’ வேறு, ‘கூட்டுச் சரக்கு’ வேறு. விற்பவர் இரண்டையும் ஒரே சொல்லால் மழுப்பினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

ரம்பப் பல் வரிசை கவனிக்க வேண்டிய இன்னொரு இடம். ஸ்பைனோசரஸ் பல்லில் ரம்பம் கிடையாது. கூம்பு வடிவமும், ஓரத்தில் மெல்லிய முகடும் மட்டும்தான். ரம்பத்தோடு வந்த ‘ஸ்பைனோசரஸ்’ என்றால் யாரோ அரத்தால் அறுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் பெயர் தப்பு. கார்கரோடோன்டோசரஸ் பல் தட்டையான கத்தி வடிவம், ஓரத்துக்கு அருகே எனாமலில் சுருக்க வரிகள், ரம்பம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு. தேய்ந்து மழுங்கிய பல்லைக் கூராக்கி விற்பது வழக்கம். லென்ஸில் பார்த்தால் இயற்கையான ரம்பத்தின் ஒவ்வொரு பல்லும் உளி முனைபோல் இருக்கும், மேலே எனாமல் போர்த்தியிருக்கும். வெட்டிய ரம்பத்தில் பள்ளங்கள் ‘வி’ வடிவில், ஆழம் ஒழுங்கில்லாமல், எனாமலைத் தாண்டி வெளிறிய டென்டினைக் காட்டும்.

முதலைப் பல்லா ஸ்பைனோசரஸ் பல்லா என்பது துண்டாக இருந்தால் தேர்ந்தவர்களையே திணற வைக்கும். ஓரளவுக்கு உதவும் குறிப்பு இது. இரண்டு ஓர முகடுகளையும் கண்டுபிடியுங்கள், பிறகு பல் எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். ஸ்பைனோசரஸில் முகடுகள் பெரும்பாலும் வளைவின் முதுகிலும் வயிற்றிலும் ஓடும். முதலையில் பெரும்பாலும் வளைவுக்குப் பக்கவாட்டில் ஓடும்.

வேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது அங்கேதான். இயல்பாக விழுந்த பல்லுக்கு வேர் இருக்காது. அடியில் புதுப் பல் முளைக்கும்போதே பழைய வேர் கரைந்துவிடும். நீண்ட வேரோடு ஒரு பல் கிடைக்க வேண்டுமென்றால் அது தாடையிலிருந்தே வந்திருக்க வேண்டும். நடக்காததல்ல, ஆனால் மலிவாக நடக்காது. பட்டறையில் கெம் கெம் செம்மணலைப் பசையில் குழைத்து வேர் செய்கிறார்கள், ஒட்டிய இடத்தை மறைக்கவும் அதே குழம்பைப் பூசுகிறார்கள். அந்த மணல் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இயற்கை மணற்கல் உறிஞ்சிக்கொள்ளும், பசை கலந்த மணலில் சொட்டு முத்தாக நிற்கும். ஊசியால் மெதுவாக நெருடினால் இயற்கை மணல் பருக்கை பருக்கையாக உதிரும், பசை மணல் செதிலாகப் பெயரும். ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை என்றால் தண்ணீர் பட்ட சில நிமிடத்தில் பால்போல் வெளுத்து இளகும். ஃபெவிக்விக் வகை தண்ணீருக்கு அசையாது. அதற்கு அசிட்டோன்தான்.

புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அடிக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் விளக்கு எல்லாவற்றையும் ஊதாவாக்கிவிடும், எதுவும் தெரியாது. 365-இல் பெரும்பாலான எபாக்சி, ரெசின், பசைகள் நீலம் கலந்த வெள்ளையாக மின்னும். ஒட்டிய கோடு நூல்போலத் தனியாகத் தெரியும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மின்னினால் போலி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பாஸ்பேட் சுரங்கப் பற்கள் தாமாகவே மஞ்சளாக ஒளிரலாம், மண்ணிலுள்ள கால்சைட்டும் ஒளிரும். பார்க்க வேண்டியது ஒளிர்வு எங்கே மாறுகிறது என்பதை. மேல்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி வேறு நிறம், நடுவில் நேர் கோடு என்றால் அது ஒட்டு. அண்மைக்கால விலங்கின் பல், எலும்பு பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிரும். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டப் பகுதியில் தேவைப்படும்.

எடைச் சோதனை எங்களுக்குப் பிடித்தது, காரணம் அதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. பல்லை உலர்வாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். பல்லைத் தையல் நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியைத் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண் பல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். உலர்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 23.40 கிராம் பல், மூழ்கும்போது 8.60 காட்டினால் அடர்த்தி 2.72. நல்ல புதைபடிவப் பல்முடி 2.6 முதல் 3 வரை வரும். வெறும் ரெசின் என்றால் 1.1 முதல் 1.3, இதே அளவுள்ள பல் பத்துக் கிராம் அளவுக்குத்தான் இருக்கும். கல்தூள் கலந்த ரெசின் 1.5 முதல் 1.9. அந்த வகை கையில் கனமாகவே தோன்றும், கையால் தூக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம் என்பது அதனால்தான்.

2.1 முதல் 2.4 வரை வந்தால் குழப்பம். பாதி உண்மை, பாதி குழம்பு என்றாலும் சராசரி அங்கேதான் வரும். நுண்துளையுள்ள மணற்கல் வேர் உண்மையாகவே ஒட்டியிருந்தாலும் அங்கே வரும். இக்காலத்து விலங்கின் பல்லும் அந்தப் பக்கம்தான். இந்த எண் வந்தால் எக்ஸ்ரே வரை போக வேண்டும். எதிர்ப்பக்கம், 2.7 வந்துவிட்டால் உடனே மகிழவும் வேண்டாம். சுண்ணக்கல்லில் செதுக்கியதும் 2.7 காட்டும். அடியில் மறைவான இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்ஸில் பார்த்தால் சுண்ணக்கல் நுரைக்கும், பல்லின் அபடைட் கனிமம் நுரைக்காது. பல்லோடு ஒட்டிய மண்ணிலும் சுண்ணாம்பு இருக்கலாம் என்பதால் சொட்டு பல் மேல்தான் விழ வேண்டும். சில நொடியில் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பசை, ஜிப்சம் சந்தேகம் உள்ள பல்லைத் தண்ணீரில் மூழ்கடிக்கவே கூடாது. அதனால்தான் ஒற்றைச் சொட்டுச் சோதனையை முதலில் செய்யச் சொல்கிறோம்.

அசிட்டோனில் தோய்த்த பஞ்சுக்குச்சியை ஒட்டுக் கோட்டில் உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். பஞ்சில் பழுப்பு ஏறினால் அது சாயம் அல்லது பாலிஷ். கோடு பிசுபிசுத்தால் பசை. ஆனால் உண்மையான, நொறுங்கக்கூடிய பற்களையும் அருங்காட்சியகங்களில் பாரலாய்ட் பி-72 போன்ற பிசினால்தான் இறுக்கி வைப்பார்கள், அதுவும் அசிட்டோனில் கரையும். பல்லை முழுசாக அசிட்டோனில் போட்டால் உண்மைப் பல் துண்டு துண்டாகக் கிண்ணத்தில் கிடக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பங்கரையில் வேண்டாம்.

சூடான ஊசியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அசிட்டோன் புட்டியை மூடி வேறு அறையில் வைத்த பிறகு. சிவக்கக் காய்ச்சிய முனையை அடிப்பக்கத்தில் ஒரு நொடி வைத்தால் ரெசின் இளகி பிளாஸ்டிக் நாற்றம் வரும். புதுப் பல், எலும்பு, தந்தம் என்றால் முடி கருகும் வாடை. புதைபடிவத்தில் ஒன்றும் நடக்காது. எனாமல் மேல் வைக்காதீர்கள், வெடிக்கும். கூட்டுப் பல்லில் உண்மையான பாதியில் ஊசி வைத்துவிட்டு ‘பாஸ்’ என்று சொல்வதுதான் இந்தச் சோதனையின் பெரிய ஓட்டை. நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய களப் பழக்கம். நுண்துளை எலும்பு நாக்கில் ஒட்டும், எனாமல் ஒட்டாது, பிசின் பூசிய எலும்பும் ஒட்டாது. பல்லுக்கு அது உதவாது, வாய்க்கும் நல்லதில்லை.

சந்தேகம் தீராவிட்டால் பல் மருத்துவரிடம் போகலாம். வாய்க்குள் வைக்கும் டிஜிட்டல் எக்ஸ்ரே சென்சார் ஏறத்தாழ மூன்றுக்கு நாலு சென்டிமீட்டர். பெரிய பல்லை இரண்டு மூன்று படமாக எடுக்க வேண்டும், கல்லானது என்பதால் மனிதப் பல்லைவிடக் கொஞ்சம் கூடுதல் அளவு தேவைப்படும். எனாமல் வெளுப்பாக ஓரத்தில் ஓட வேண்டும், பற்கூழ்க் குழி கூம்பாக முறியாமல் இறங்க வேண்டும். ரெசின் கறுப்பாகத் தெரியும், பசைமணல் புள்ளிபுள்ளியாகத் தெரியும். குழிக்குள் கனிமம் நிறைந்திருந்தால் அது கறுப்புக்குப் பதில் வெள்ளையாகத் தெரியும், அதைப் பார்த்து ஒட்டு என்று பதற வேண்டாம். 1999-இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழே வியந்து வெளியிட்ட ஆர்க்கியோராப்டர் படிமம், பல விலங்குகளின் துண்டுகளை ஒட்டியது என்று சி.டி. ஸ்கேனும் காட்டியது. அதிலிருந்த துண்டுகள் எல்லாம் உண்மையான புதைபடிவங்கள். சூடான ஊசிக்கு அது ‘பாஸ்’ ஆகியிருக்கும்.

நகைக்கடை ஹால்மார்க் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது பொன்னுக்காக அளவு திருத்தப்பட்டது, பாஸ்பரஸ் போன்ற லேசான தனிமத்தை நம்பும்படி சொல்லாது. கனிமம் அபடைட்தானா என்று அறிய எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் சரியான வழி. காரைக்குடி சிக்ரி போன்ற ஆய்வகங்களில் அந்தக் கருவி இருக்கிறது, வெளியார் மாதிரி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். சிறிதளவு தூள் சுரண்டித் தர வேண்டியிருக்கும். சில ஆயிரம் ரூபாய்ப் பல்லுக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

சட்ட விஷயம் ஒன்று. ஊசிக்கு முடி கருகும் வாடை, டார்ச்சுக்குப் பளிச் நீலவெள்ளை, அடர்த்தி 2 சுற்றி என்று மூன்றும் சேர்ந்து வந்தால், கையில் இருப்பது இக்காலத்து விலங்கின் பல்லாக இருக்கலாம். முதலை, புலி, கரடிப் பற்களையும் யானைத் தந்தத்தையும் வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ‘போலி டைனோசர் பல்’ என்று சொல்லி இன்னொருவருக்குத் தள்ளிவிடக் கூடாது, வனத்துறையிடம் தெரிவித்துவிட வேண்டும்.

ஒட்டு என்று தெரிந்த பல்லைத் திருப்பி அனுப்பும்போது ‘இது போலி’ என்று ஒற்றை வரியில் எழுதினால் பதில் வராது. வரிகள் முறியும் இடத்தின் லென்ஸ் படம், அதே இடத்தின் புற ஊதாப் படம், உலர்ந்த எடை, மூழ்கிய எண், அடர்த்தி ஆகியவற்றை விற்பனைப் பக்கத்தில் அவர்களே எழுதியிருந்த வாசகத்தோடு சேர்த்து அனுப்புங்கள். ‘ரிப்பேர் இல்லை’ என்று அவர்கள் எழுதியிருந்தால் அந்த ஒரு சொல்லே போதும். பல் நல்லதாக இருந்தாலும் இதே எண்களை ஒரு சீட்டில், வாங்கிய தேதி, சொல்லப்பட்ட ஊர், பாறைப் பெயரோடு எழுதி டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். பழைய ஃபெவிக்விக் ஒட்டு வெயிலில் நொறுங்கும். சித்திரை வெயிலில் காருக்குள்ளோ, வளவு முற்றத்து வெயில் விழும் அலமாரியிலோ வைக்க வேண்டாம்.